தண்ணீர் குறையும் பழைய லாரி: ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

தினமும் காலையில் ரேடியேட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. இந்தப் புகாரோடு பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது 'ஹெட் கேஸ்கெட்', அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு. ஏர் பிரேக் உள்ள பழைய ஆறு சிலிண்டர் டீசல் லாரியில் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். ஹெட்டை இறக்கி ஏற்றிய பிறகும் தண்ணீர் குறைந்தால் கூலியும் கேஸ்கெட்டும் வீண்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, விறைப்பு போன பிறகே திறக்க வேண்டும். இன்ஜின் ஆறியதும் தண்ணீரை ஓர் அடையாளம் வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே அடையாளத்துக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை லிட்டர் கேனால் அளந்து எழுதி வையுங்கள். பழுது தீர்ந்ததா என்பதைப் பின்னால் சொல்லப்போவது இந்தக் கணக்குதான்.

அடுத்தது மூடி. 0.5 (பார்) அல்லது 7 பி.எஸ்.ஐ. என்று, அது தாங்கும் அழுத்தம் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழியிலேயே கொட்டிவிடும், நிறுத்திய இடத்தில் ஈரம் தெரியாது. வண்டி ஆறியதும் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொண்டால் மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் புது மூடிதான் வழி. அதே அளவுள்ளதையே போடுங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் ஈயம் வைத்த பழைய டேங்க் பிளந்துவிடும்.

மூடி சரியென்றால் பிரஷர் டெஸ்டர், அதாவது மூடியின் இடத்தில் மாட்டும் மீட்டர் வைத்த கைப் பம்ப். இன்ஜின் ஆறிய நிலையில் மூடியில் உள்ள எண் வரைக்கும் மட்டும் பம்ப் அடித்து 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச் எடுத்துத் தேடுங்கள். ஓடும் வண்டியில் ஃபேன் காற்று ஈரத்தைப் பின்னால் தள்ளும், பிறகு அது கீழே வழியும். அதனால் நனைந்த இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் போய்ப் பார்க்க வேண்டும். சிறு கசிவு சூட்டில் ஆவியாகி, வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ உப்புத் திட்டை விட்டுப்போகும். சொட்டு இல்லாத வண்டியில் அந்தத் திட்டுதான் துப்பு.

காலைக் குளிரில் மட்டும் சொட்டி, சூடானதும் நின்றால் ஹோஸ் கிளிப். ஹோஸைக் கழற்றி, குழாயின் துருவை எமரியால் தேய்த்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப் போகும். கிளிப் குழாயின் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஒரு முறை சூடேறி ஆறியதும் மறுபடி முறுக்குங்கள்.

வாட்டர் பம்பின், அதாவது பட்டறை மொழியில் வாட்டர் பாடியின், அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்கள் உண்டு, அதைப்போல மோசமான வைத்தியம் வேறில்லை. வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பேரிங் உடைந்தால் ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும். பெல்ட்டைக் கழற்றி ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சீலோடு பேரிங்கும் மாற்ற வேண்டும். ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது. திரும்பப் பூட்டும்போது பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்கினால் போதும்.

பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை மூடும் வட்டத் தகடுகளான கோர் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும். ஓர் ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டினால் பிளக் குறுக்கே திரும்பும், பிளையரால் இழுத்து எடுக்கலாம். உள்ளே தள்ளிவிடாதீர்கள். துளையை வெர்னியரில் அளந்து, பித்தளைப் பிளக் வாங்கி, விளிம்பில் மெல்லிசாக சீலன்ட் தடவி, உள்விட்டத்துக்கு ஏற்ற சாக்கெட் வைத்து நேராக அடியுங்கள். ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றிவிடுவது லாபம்.

பித்தளை ரேடியேட்டரில் டேங்க் ஓரக் கசிவை ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துத் தரலாம். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் மஞ்சள் தூள் போடுவார்கள், ஊர் வந்து சேர உதவும். அதையே பழக்கமாக்கினால் கோர் குழாய்கள் அடைத்து வண்டி கொதிக்கும்.

வெளியே எங்கும் கசிவில்லை, ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்றால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சு. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பிரேக்குக்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரஸரின் ஹெட்டும் பல வண்டிகளில் இதே தண்ணீரில்தான் குளிர்கிறது. அதன் கேஸ்கெட் போனாலும் குமிழி வரும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஏர் டேங்கைக் காலி செய்யுங்கள். ஆறிய இன்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து குமிழியைக் கவனியுங்கள். காற்று ஏறும்வரை குமிழி வந்து, ஏர் மீட்டர் 7, 8 கிலோவைத் தொட்டு கவர்னர் வெட்டியதும் (டேங்க் நிரம்பியதும் காற்று ஏறுவதை நிறுத்தும் வால்வு அது) நின்றால் குற்றவாளி கம்ப்ரஸர். ஏர் டேங்க் டிரெயினில் கூலன்ட் நிறத்தில் தண்ணீர் வந்தாலும் அதுவே. கவர்னர் வெட்டிய பிறகும் குமிழி தொடர்ந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல்.

ஆயிலையும் பாருங்கள். ரேடியேட்டரில் ஆயில் மிதந்து, சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) சுத்தமாக இருந்தால் முதல் சந்தேகம் ஆயில் கூலர் மேல். ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அது தண்ணீர்ப் பக்கம் தள்ளப்படும். இரவு முழுக்க நின்ற வண்டியில் சம்ப் போல்ட்டை மெல்லத் தளர்த்தும்போது முதலில் தண்ணீர் வந்தால், வெட் லைனர் இன்ஜினில் (சிலிண்டர் உறையான லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும் வகை) லைனர் ஓ-ரிங்கோ லைனரில் விழுந்த ஊசித் துளையோ காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது, இன்ஜின் பேரிங் போய்விடும்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டுமென்றால், ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து வளைவு பாருங்கள், கடையில் பிரஷர் வைத்து விரிசல் பாருங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, மேனுவலில் உள்ள டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்குங்கள்.

நிரப்புவதற்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து சூடு இறங்காது. 20 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு 10 லிட்டர் கூலன்ட், 10 லிட்டர் டி.எம். வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்). நம் ஊரில் உறையும் பயம் இல்லை. கூலன்ட் போடுவது துருவுக்கும் லைனர் அரிப்புக்கும் எதிராக. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஏர் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் தண்ணீர் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். வடித்த பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துப்போகும். திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள்.

50 கி.மீ. ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, பழைய அடையாளத்துக்கு நிரப்புங்கள். உள்ளே சிக்கிய காற்று போவதால் முதல் முறை கொஞ்சம் குறையும். இரண்டாவது முறையும் லிட்டர் கேன் தேவைப்பட்டால் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.