வீட்டிலேயே பாட்டுப் பதிவு: முதலில் லெவல், அப்புறம் கம்ப்ரெஷர்

எங்கள் பெரியப்பா வில்லுப்பாட்டுக்காரர். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோயில் கொடை விழாக்களில் விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிய சூட்டோடு அவரைக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்கார வைத்தேன். "லெவல் பார்க்கணும், ஒரு வரி பாடுங்க பெரியப்பா" என்றேன். மெதுவாக ஒரு வரி பாடினார். மீட்டர் பாதிகூட ஏறவில்லை. மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் கெயினைத் தாராளமாகத் திருகிவிட்டுப் பதிவை ஓடவிட்டேன்.

கதை சூடுபிடித்து சுடலைமாடன் வருகிற இடத்தில் குரல் எகிறியது. அந்த நான்கு நிமிடமும் கரகரவென்று பதிவாகியிருந்தது. ஹெட்போனில் கேட்டவர், "எலே, இது எனக்க தொண்டையா, கீறல் விழுந்த கொடமா?" என்றார்.

அந்த நான்கு நிமிடத்தைக் காப்பாற்ற என்னென்னவோ செய்து பார்த்தேன், ஆகவில்லை. டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் கூரை. மற்றதெல்லாம் அதற்குக் கீழே, மைனஸ் கணக்கில். சத்தம் கூரையை முட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப் ஆகிவிட்டது என்கிறார்கள். வெட்டுப்பட்ட பகுதி எங்கும் பதிவாவதில்லை. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் எந்தக் கம்ப்ரெஷரும் அதைத் திருப்பித் தராது.

என்னிடம் இருப்பது சின்ன யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், காதை மூடும் ஹெட்போன், லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஆடாசிட்டி இலவசம், தொடங்குவதற்கு அது போதும். கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும். அதைப் போடாமல், மைக் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவனை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும்.

படி 1: அறையை அமைதியாக்குங்கள்

எங்கள் வீடு ஓட்டு வீடு. இடவப்பாதியில் (ஜூன் தொடக்கம்) ஒரு மழை, துலாமாதத்தில் (ஐப்பசி) இன்னொரு மழை. ஓட்டில் மழை விழும்போது மைக்கைத் தொடுவதே இல்லை. மழை இல்லாத நாளில் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிடுவேன். திருவனந்தபுரம் பஸ்களின் இரைச்சல் அடங்க இரவு பத்து மணி தாண்ட வேண்டும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வையோ மெத்தையோ தொங்கட்டும். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண்வேலை. வெளியிலிருந்து வரும் சத்தத்தை அது தடுக்காது.

படி 2: மைக்கை வையுங்கள்

வாயிலிருந்து மைக்குக்கு ஒரு சாண். நேருக்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பினால் 'ப' வரும்போது காற்று மைக்கில் மோதாது. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் உதவும்.

வில்லுப்பாட்டில் இன்னொரு சிக்கல். பாடுகிறவரே வீசுகோலால் வில்லையும் அடிக்கிறார், வில்லில் மணிகள் வேறு. அத்தனையும் குரல் மைக்குக்குள் வந்து விழும். கார்டியாய்டு வகை மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். அந்த முதுகு வில்லைப் பார்க்கிற மாதிரி, மைக்கைத் தாழ்வாக வைத்து வாயை நோக்கி மேலே நிமிர்த்தி வையுங்கள். முழுசாக மறையாது, ஆனால் நிறையக் குறையும்.

படி 3: கெயின் வையுங்கள்

மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாடுபவரிடம் "ஒரு வரி பாடுங்க" என்று கேட்காதீர்கள், நான் கெட்டது அங்கேதான். "கதையிலேயே சத்தமான இடத்தைப் பாடுங்க, கொடையில பாடுற மாதிரியே" என்று கேளுங்கள். வில்லையும் அடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். அப்போது மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெயின் திருகியைச் சரிசெய்யுங்கள். திரையில் இருக்கும் ஃபேடரை, அதாவது மேலும் கீழும் நகர்த்தும் வால்யூம் பட்டையை, இறக்கினால் பயன் இல்லை. கிளிப் ஆவது அதற்கு முன்பே, இன்டர்ஃபேஸுக்குள்.

மைனஸ் 12 ரொம்பக் குறைவு போலத் தோன்றும். ஆனால் சோதனையில் பாடுவதைவிட நிஜப் பதிவில் யாரும் கொஞ்சம் கூடத்தான் பாடுவார்கள். 6 டெசிபல் ஏறினாலும் மைனஸ் 6, கூரைக்கு இன்னும் இடம் இருக்கிறது. டேப் காலத்தில் லெவலை ஏற்றியே வைத்தார்கள், இல்லாவிட்டால் பாட்டின் மேல் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் படியும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் கணக்கில் 24 பிட்டுக்கு, மிகச் சன்னமான சத்தத்துக்கும் கூரைக்கும் நடுவே, 144 டெசிபல் இடம் வருகிறது. 12 டெசிபலை விட்டுக்கொடுப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எங்கள் அறையில் ஓசை என்றால் அது இன்டர்ஃபேஸின் ஓசை அல்ல, பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சீவிடு, அதாவது சில்வண்டுதான்.

படி 4: பாடுபவரையும் பழக்குங்கள்

கத்துகிற இடம் வரும்போது தலையைப் பின்னால் இழுத்து இரண்டு சாண் தூரத்துக்குப் போகச் சொன்னேன். "மைக்கப் பாத்துப் பாடுனா சாமி எப்பிடிலே வரும்?" என்றார் பெரியப்பா. இரண்டு நாளில் பழகிவிட்டார். முன்பு சொன்ன 6 டெசிபல் இங்கே செலவில்லாமல் கிடைக்கிறது. எந்தத் திருகியும் இதற்கு ஈடாகாது என்பேன்.

படி 5: கம்ப்ரெஷருக்கு முன்னால் ஒரு கைவேலை

பதிவு முடிந்ததும் முழுவதையும் கேளுங்கள். நீண்ட நேரம் சத்தமாக இருக்கும் பகுதியைத் தனியாக வெட்டி, அதன் வால்யூமை மட்டும் 3 டெசிபல் இறக்குங்கள். கம்ப்ரெஷருக்கு வேலை குறையும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குரல் ட்ராக்கிலிருந்து ஃபில்டர் போட்டு எடுத்துவிடுங்கள். அங்கே குரல் அநேகமாக இல்லை. தரை அதிர்வும், வில்லோடு சேர்த்து அடிக்கும் குடத்தின் அடியோசையும்தான் கிடக்கும்.

படி 6: கம்ப்ரெஷர்

கொடை விழாவை ஃபோனில் வீடியோ எடுத்துக் கேட்டிருப்பீர்கள். மேளம் அடித்ததும் எல்லாம் அமுங்கிப்போகும், நின்றதும் கூட்டத்தின் இரைச்சல் மெல்ல மேலே எழுந்து வரும். ஃபோன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கம்ப்ரெஷர் செய்வதும் இதே வேலைதான், ஆனால் கடிவாளம் நம் கையில்.

நான்கு திருகிகள் தெரிந்தால் போதும். சத்தம் எந்த அளவைத் தாண்டினால் அமுக்க வேண்டும் என்பது த்ரெஷோல்ட். எவ்வளவு அமுக்குவது என்பது ரேஷியோ. எவ்வளவு சீக்கிரம் அமுக்கத் தொடங்குவது அட்டாக், எவ்வளவு சீக்கிரம் விடுவது ரிலீஸ்.

கணக்காகப் பார்ப்போம். பெரியப்பா கதை சொல்லும் பேச்சு மைனஸ் 26 அளவில் இருக்கிறது. உச்சக் குரல் மைனஸ் 8, அதைக் கையால் 3 இறக்கியதால் மைனஸ் 11. த்ரெஷோல்டை மைனஸ் 20-ல் வைக்கிறேன். உச்சம் அதை 9 டெசிபல் தாண்டுகிறது. ரேஷியோ 3:1 என்றால் அந்த 9, 3 ஆகிவிடும். அதாவது உச்சம் மைனஸ் 17. பேச்சு த்ரெஷோல்டைத் தொடவே இல்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதலில் இரண்டுக்கும் 18 டெசிபல் இடைவெளி, இப்போது 9. பஸ்ஸில் ஃபோனில் கேட்பவருக்கும் பேச்சு காதில் விழும், உச்சம் வரும்போது ஹெட்போனைப் பிடுங்கி எறியவும் தோன்றாது.

குறைப்பைக் காட்டும் மீட்டர் சத்தமான இடங்களில் 6 வரை போய், மெல்லிய இடங்களில் 0-க்குத் திரும்ப வேண்டும். எப்போதும் 10-ல் ஒட்டிக்கொண்டு நின்றால் த்ரெஷோல்டை ரொம்ப இறக்கிவிட்டீர்கள்.

அட்டாக்கில்தான் நான் அதிக நாள் தடுமாறினேன். ஒரு மில்லிசெகண்டில் வைத்தால் க, ட, த என்ற வல்லினத்தின் முனையெல்லாம் மழுங்கிப்போய், பல் இல்லாதவர் பாடுவது போல இருந்தது. குரலுக்கு 10 முதல் 15 மில்லிசெகண்ட் வைத்துப் பாருங்கள். குடத்தைத் தனி ட்ராக்கில் எடுத்திருந்தால் 25, 30 வரை போகலாம். 'டொம்' என்ற முதல் அடி தப்பித்து வெளியே வந்த பிறகே அமுக்கம் தொடங்கும். குரலுக்கு ரிலீஸ் 100 முதல் 150. இதைவிடக் குறைத்தால் மூச்சு இழுப்பதெல்லாம் எகிறும். ரொம்பக் கூட்டினால் உச்சத்துக்கு அடுத்து வரும் மெல்லிய சொல் குழிக்குள் விழுந்தது போல இருக்கும்.

மணி அடிக்கும்போதெல்லாம் குரல் ஒரு கணம் பதுங்குகிறதா? வில்லின் ஓசை குரல் மைக்கில் அளவுக்கு மீறிப் புகுந்திருக்கிறது, கம்ப்ரெஷர் மணியைப் பார்த்துக் குரலை அமுக்குகிறது. திருகிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். படி 2-க்குத் திரும்பிப் போய் மைக்கை மாற்றி வைத்து இன்னொரு டேக் எடுங்கள்.

படி 7: மேக்கப் கெயின்

அமுக்கியதும் மொத்தச் சத்தம் குறைந்திருக்கும். மேக்கப் கெயினால் ஏற்றலாம், ஆனால் கவனம். 6 டெசிபல் ஏற்றினால் அறையின் இரைச்சலும் 6 டெசிபல் ஏறும். நிறுத்த மறந்த ஃபேன் இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு கண்ணி: சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதனால் கம்ப்ரெஷரைப் போட்டும் நிறுத்தியும் கேட்கும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி மேக்கப் கெயினை வையுங்கள். அப்படிக் கேட்டும் நிறுத்தியதே நன்றாக இருந்தால் நிறுத்தியே விடுங்கள். எனக்கு ஒரு தாலாட்டுப் பதிவில் அப்படி ஆனது.

பாட்டை யூடியூபில் ஏற்றப்போகிறவர்கள் சத்தத்தைக் கூரை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டாம். மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவைத் தாண்டிய சத்தத்தை அதுவே இறக்கிவிடும். உச்சத்தை மைனஸ் 1-ல் நிறுத்தி ஏற்றுமதி செய்யுங்கள். கம்ப்ரெஷர் போடாத மூல ட்ராக்கை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் இந்த எண்களில் பாதியை மாற்றத் தோன்றும்.