பூனைக்கு வாய்ப் புற்றுநோய்: நாம் செய்துவிடும் தவறுகள்

கிண்ணத்தைப் பார்த்ததும் ஆவலாக ஓடிவரும். ஒரு வாய் கவ்வும், தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், மீனைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போய் உட்காரும். முகவாய் எந்நேரமும் ஈரமாக இருக்கும். எங்கள் வீட்டு 12 வயதுப் பூனை இப்படிச் செய்தபோது, பல்வலியாக இருக்கும் என்று 3 வாரம் விட்டுவிட்டோம். அந்த 3 வாரம் இன்னும் மனதை உறுத்துகிறது.

பூனையின் வாயில் வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. நாக்குக்கு அடியிலோ ஈறிலோ தொடங்கி, தாடை எலும்பைக் குடைந்துகொண்டு போகும். கண்டுபிடித்த பிறகு பல பூனைகள் 2, 3 மாதம்தான் தாங்குகின்றன. அதனால், ஆடிய பல்லைப் பிடுங்கிய இடம் ஆறவில்லை, ஆன்டிபயாடிக் கொடுத்தும் வீக்கம் வற்றவில்லை என்றால் இன்னொரு கோர்ஸ் மாத்திரைக்குத் தலையாட்டாதீர்கள். பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். நாக்கைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம் அல்ட்ராசவுண்ட் கீமோ, அதாவது ஒலியலையின் உதவியோடு கீமோ எனும் புற்றுநோய் மருந்தைக் கட்டிக்குள் செலுத்தும் முறை. இதைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "எங்கள் கிளினிக்கில் ஸ்கேன் மெஷின் இருக்கிறதே, அதில் செய்ய முடியாதா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வெறும் ஸ்கேன் எந்த மருந்தையும் உள்ளே தள்ளாது. இதில் வேலை செய்வது நுண்குமிழிகள். கொழுப்பு உறைக்குள் வாயு அடைத்த, சிவப்பணுவைவிடச் சிறிய குமிழிகள் அவை. மருந்தோடு சேர்த்து அவற்றை ரத்தத்தில் ஏற்றி, கட்டியின் மேல் ஒலியலையைச் செலுத்துவார்கள். அலை படும்போது குமிழிகள் விரிந்து சுருங்கும். அந்த அசைவில் ரத்தக்குழாய்ச் சுவரும் செல் சவ்வும் கொஞ்ச நேரம் இளகிக்கொடுக்க, மருந்து உள்ளே நுழையும். பிளியோமைசின் போன்ற கீமோ மருந்துகள் தானாகச் செல்லுக்குள் எளிதில் போகாதவை. அவற்றுக்கு இந்த வழி உதவும் என்பதுதான் எதிர்பார்ப்பு. குமிழிகள் சில நிமிடங்களில் கரைந்துவிடும் என்பதால் மருந்து, குமிழி, அலை மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்.

இது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் முறை. அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ வாய்ப்பு இருக்கும்போது, இதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்தக் கூடாது. ஒலியலைக்கு எலும்பும் காற்றும் பெரிய தடை. தாடைக்குள் இறங்கிவிட்ட கட்டியை அலை சரியாக எட்டாது. பக்கவிளைவே இருக்காது என்றும் நம்ப வேண்டாம். உள்ளே போவது அதே கீமோ மருந்துதான்.

மனிதருக்கோ நாய்க்கோ கொடுத்த மருந்தைப் பூனைக்குக் கொடுப்பது உயிரையே வாங்கிவிடும். நாய்களுக்குத் தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, பூனையின் நுரையீரலில் நீர் கோக்க வைத்துக் கொன்றுவிடும். ஃப்ளூரோயுராசில் என்ற இன்னொரு கீமோ மருந்து நரம்பு மண்டலத்தைத் தாக்கும். வலிக்குதே பாவம் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். வலி மருந்து கட்டாயம் வேண்டும், ஆனால் டாக்டர் எழுதியதாக இருக்க வேண்டும். கீமோ ஏற்றிய பிறகு சில நாள் மூத்திரம், மலம் அள்ளும்போது கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

நாங்கள் செய்த இன்னொரு தவறு, சாப்பாட்டைச் சிரிஞ்சால் வாயில் திணித்தது. புண்ணான வாயில் திணித்தால் பூனை சாப்பாட்டையே வெறுத்துவிடும். சரி, பசித்தால் தானே சாப்பிடட்டும் என்று விடவும் முடியாது. சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து இன்னொரு நோய் வந்து நிற்கும். கழுத்து வழியாக உணவுக்குழாயில் டியூப் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, கொடுமை என்று மறுத்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் சம்மதித்தோம். டியூப் வைத்த மறுநாள், கரைத்த வெதுவெதுப்பான சாப்பாட்டை மெதுவாகச் செலுத்திக்கொண்டிருந்தபோது அது என் மடியிலேயே தூங்கிப்போனது.