கால்களிலும் கைகளிலும் இரத்த ஓட்டக் குறைவு: தடை எங்கே என்று கண்டறிந்து அதற்கேற்ப நடப்பது எப்படி?

காலில் குடைச்சல், பாதத்தில் எரிச்சல், விரல்கள் மரத்துப்போதல், மாலையானால் கணுக்கால் வீக்கம் ஆகிய அனைத்துக்கும் நம் வீடுகளில் ‘இரத்த ஓட்டம் சரியில்லை’ என்ற ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது. உடனே தைலம் தேய்ப்பதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், மருந்துக்கடையில் இறுக்கமான காலுறை வாங்கி மாட்டிக்கொள்வதும் தொடங்கிவிடுகின்றன. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் அடைப்பா, அதை மேலே திருப்பி அனுப்பும் சிரையில் கோளாறா, அல்லது இரத்தக்குழாய்களுக்குத் தொடர்பே இல்லாத நரம்புப் பாதிப்பா என்று பிரித்தறியாமல் செய்யும் வைத்தியம் பலன் தராமல் போவதோடு சில வேளைகளில் தீங்கும் செய்துவிடும். சிரை நோய்க்கு நன்மை செய்யும் அதே இறுக்கக் காலுறை, தமனி கடுமையாக அடைத்த காலில் மாட்டப்பட்டால், வந்துகொண்டிருக்கும் சிறிதளவு இரத்தத்தையும் தடுத்துத் தோலைப் புண்ணாக்கக்கூடும். ஆகவே, சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கண்டறிதலுக்கு இங்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஒரு காலோ கையோ திடீரென்று கடுமையாக வலித்து, வெளிறி, சில்லிட்டு, உணர்விழந்து, அசைக்க முடியாமல் போனால் தமனி முழுவதுமாக அடைபட்டிருக்கலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் மீட்கப்படாவிட்டால் தசைகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படும் என்பதால், ஒத்தடம் கொடுத்துப் பார்க்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் ஓரிரு நாள்களில் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலித்தால் ஆழமான சிரையில் இரத்தக்கட்டி உருவாகியிருக்க வாய்ப்புண்டு. நீண்ட பயணம், அறுவைச் சிகிச்சை, பிரசவம், பல நாள் படுக்கை ஆகியவற்றுக்குப் பின் இந்த வாய்ப்பு அதிகம். அந்தக் காலை எக்காரணம் கொண்டும் எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. விரல்களில் ஆறாத புண், கருமை, இரவில் தூங்கவிடாத பாத வலி ஆகியவை இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகே மற்றப் படிகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 1: வலி எப்போது வருகிறது, எதனால் குறைகிறது என்று கவனியுங்கள்

தமனி அடைப்பின் வலி ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நின்றுவிட்டால் சில நிமிடங்களில், பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள், முற்றிலும் விலகிவிடும். மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வரும். முதுகுத்தண்டின் கால்வாய் குறுகுவதாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவர்களுக்கு வெறுமனே நின்றால் போதாது, உட்கார்ந்தால் அல்லது முன்பக்கம் குனிந்தால்தான் வலி தணியும். தமனி அடைப்பு முற்றிய நிலையில் படுத்ததும் பாதம் வலிக்கத் தொடங்கும்; கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் ஆறுதல் கிடைக்கும்.

சிரைக் கோளாறு இதற்கு நேர்மாறானது. நாள் முழுதும் நின்றபின் கால் கனத்து வீங்கும். காலை உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும். விடிந்து எழும்போது வீக்கம் வடிந்திருக்கும். நடையோடும் நிற்பதோடும் தொடர்பில்லாமல், இரு பாதங்களிலும் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இரவில் மிகுந்தால் நரம்புகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீரிழிவும் வைட்டமின் பி12 குறைபாடும் அதற்கான முக்கியமான காரணங்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு இந்த வைட்டமின் குறையக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

படி 2: வெளிச்சத்தில் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்

ஒரு பாதம் மற்றதைவிடக் குளிர்ந்திருக்கிறதா, தோல் மெலிந்து பளபளக்கிறதா, முன்பு இருந்த முடி உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பின்னர் மல்லாந்து படுத்துக் காலைச் சுமார் 45 பாகை உயரத்துக்குத் தூக்கி ஒன்றிரண்டு நிமிடங்கள் வைத்திருங்கள். உள்ளங்கால் வெளுத்து, கீழே தொங்கவிட்டதும் மெல்ல மெல்லச் செங்கருமையாக மாறினால் அது தமனி அடைப்பின் அடையாளம். கணுக்காலின் உட்புறத்தைச் சுற்றித் தோல் பழுப்பாகக் கருத்து, மேலே சிரைகள் முறுக்கிப் புடைத்திருந்தால் கோளாறு சிரையில் இருக்கிறது.

படி 3: பாதத்தின் நாடியைத் தொட்டுணருங்கள்

இதைக் கற்றுக்கொள்ளச் சில நாள் பழக வேண்டும். அதற்கேற்ற பயன் உண்டு. கால் பெருவிரலை மேல்நோக்கி வளையுங்கள். பாதத்தின் மேற்புறத்தில் ஒரு தசைநார் கயிறுபோல எழும்பித் தெரியும். அதற்குச் சற்று வெளிப்புறமாக, இரண்டாம் விரலின் பக்கம், பாதத்தின் நடுப்பகுதியில் சுட்டுவிரல், நடுவிரல் நுனிகளை மென்மையாக வையுங்கள். கட்டைவிரலைப் பயன்படுத்தக் கூடாது. அதன் சொந்தத் துடிப்பே உங்களை ஏமாற்றிவிடும். பெரும்பாலோர் செய்வதுபோல அழுத்திப் பிடித்தால் தமனி நசுங்கித் துடிப்பு மறைந்துபோகும்; ஆகவே விரல் பட்டும் படாமலும் இருக்கட்டும். இரண்டாவது நாடி, உட்புறக் கணுக்கால் எலும்புக்கு ஒரு விரற்கடை பின்னும் கீழுமாக உள்ள பள்ளத்தில் கிடைக்கும்.

பாதத்தின் மேலுள்ள நாடி சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. எனவே அது மட்டும் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். ஒரே காலில் இரண்டு நாடிகளும் கிடைக்காதபோது, குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவுள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

படி 4: கணுக்கால் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்

மருத்துவமனையில் இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும், கைக்கடக்கமான டாப்ளர் கருவியால் கணுக்காலின் இரத்த அழுத்தத்தையும் கையின் இரத்த அழுத்தத்தையும் அளந்து, முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுப்பார்கள். கணுக்காலில் 96, கையில் 140 என்று வந்தால் விகிதம் 0.69. 1.0 முதல் 1.4 வரை இயல்பு, 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி அடைப்பு உண்டு என்று பொருள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், சற்று வேகமாக நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது வழக்கம். 1.4ஐத் தாண்டினால் இரத்த ஓட்டம் மிக நன்றாக இருக்கிறது என்று மகிழ முடியாது. நீண்ட நாள் நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால், அழுத்தம் அளக்கச் சுற்றும் பட்டையால் அதை நசுக்க முடியாமல் எண் பொய்யாக உயரும். அப்போது கால் விரலில் அழுத்தம் அளக்கப்படும். ஊசியோ வலியோ இல்லாத இந்தச் சோதனைதான் முதலில் செய்யப்பட வேண்டியது என்பது என் கருத்து. இரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

படி 5: தமனி அடைப்பு உறுதியானால் நடைப்பயிற்சி

நடந்தால் வலிக்கிறது என்பதற்காக நடையை நிறுத்திவிடுவதுதான் இந்நோயில் பரவலாகக் காணப்படும் தவறு. சமதளமான ஓரிடத்தில், 3 முதல் 5 நிமிடங்களுக்குள் வலி தொடங்கும் அளவுக்கான வேகத்தில் நடக்க வேண்டும். வலி தொடங்கிய உடனே நிற்காமல், ஓரளவு கடுமையாகும்வரை தொடர்ந்து, பிறகு நின்றோ உட்கார்ந்தோ வலி முற்றிலும் போகும்வரை ஓய்வெடுத்து, மறுபடியும் நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து முதலில் 30 நிமிடம், பின்னர் மெல்ல மெல்ல 45 நிமிடத்துக்கு மேல் என்று கூட்டிக்கொண்டு, வாரத்தில் குறைந்தது 3 நாள்கள், 12 வாரங்கள் இடைவிடாமல் செய்தால் வலியின்றி நடக்கும் தூரம் குறிப்பிடத்தக்க அளவு கூடும். அடைப்பு கரைந்துவிடுவதால் இது நிகழ்வதில்லை. கிடைக்கும் ஆக்சிஜனைத் தசைகள் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவதும், இரத்தக்குழாயின் உட்சுவர் விரிந்துகொடுக்கும் திறன் மேம்படுவதும் முக்கியக் காரணங்கள். காலில் புண், ஓய்விலும் வலி, நடந்தால் நெஞ்சுவலி ஆகியவை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

படி 6: புகையிலையும் மருந்தும்

1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர் விரிவாக விவரித்த, அவர் பெயராலேயே வழங்கும் நோய், சிகரெட்டும் பீடியும் பிடிக்கும் இளம் ஆண்களின் கைகால் இரத்தக்குழாய்களைத் தாக்கி விரல்களை அழுகச் செய்வது. நம் நாட்டில் இது அரிதான நோய் அன்று. இந்நோயில் புகைப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதால் பயனில்லை. புகையிலையை எந்த வடிவிலும் தொடாதிருந்தால் மட்டுமே நோய் நிற்கும். கொழுப்பு படிந்த சாதாரண அடைப்பிலும் புகையை விடுவதற்கு ஈடான மருந்து இல்லை.

இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் ஆகியவை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும். கொலஸ்ட்ரால் அளவு இயல்பாகத் தெரிந்தாலும் ஸ்டேட்டின் தரப்படுவது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்காக. காலில் அடைப்பு இருப்பவருக்கு அவ்விரண்டின் ஆபத்தும் கூடுதலாக இருக்கிறது. நடை தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். அடைப்பைக் கரைத்து வெளியேற்றும் கஷாயம் என்று விற்கப்படுபவற்றில் பணத்தைத் தொலைக்க வேண்டாம். நடைப்பயிற்சியும் மருந்தும் போதாதபோது பலூன், ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவை உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித் துறையே இயங்குகிறது.

படி 7: பாதத்தைக் காத்தல்

உணர்விழந்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் மின்சார வெப்பப் பட்டையும் எதிரிகள். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். வெயில் ஏறிய கோயில் பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்துவிட்டு, வீட்டில் காலைக் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்க்கும் நீரிழிவு நோயாளிகள் உண்டு. காலையில் சீக்கிரம் செல்வதும், தடித்த காலுறை அணிவதும் தெய்வக் குற்றமாகாது. தினமும் இரவு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்து, இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, மற்ற இடங்களில் மட்டும் தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவுங்கள். ஆணிக்காலை பிளேடால் சீவக் கூடாது. நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான எம்சிஆர் செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும்.

கோளாறு சிரையில் இருந்தால்

கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையிலுள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நிற்கும்போது அந்த உந்துதல் கிடைப்பதில்லை. ஆகவே குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியையும், காலை இதயத்துக்கு மேலான உயரத்தில் தலையணை வைத்து 15 நிமிடம் படுப்பதையும் நாளுக்குச் சில முறை செய்யலாம். இறுக்கக் காலுறையைப் படி 4இன் சோதனைக்குப் பிறகே வாங்க வேண்டும்; வீக்கம் வருவதற்கு முன், காலையில் எழுந்ததும் மாட்டி, இரவில் கழற்ற வேண்டும். ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கைகளில்

கைகளில் கொழுப்பு அடைப்பு ஒப்பீட்டளவில் குறைவு. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்து, கையை உதறினால் சரியானால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று கொள்ளலாம். குளிரில் விரல்கள் முதலில் வெளுத்து, பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்தால் அது ரேனோ எனப்படும் நிலை. கையுறை அணிவதும், புகையிலையை விடுவதும் பலருக்குப் போதும், மற்றவர்களுக்கு இரத்தக்குழாயை விரிவாக்கும் நிஃபெடிபின் மருந்து தரப்படும். முதன்முறையாக 40 வயதுக்கு மேல் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் தோன்றினாலோ உடனடியாகப் பரிசோதனை தேவை. இரு கைகளின் இரத்த அழுத்தமும் ஒவ்வொரு முறையும் 15 அல்லது 20க்கு மேல் வேறுபட்டால், அழுத்தம் குறைந்த கைக்குச் செல்லும் தமனி குறுகியிருக்கலாம்; இளம்பெண்களுக்கு அப்படி வந்தால் டக்கயாசு என்ற தமனி அழற்சி நோயையும் மருத்துவர் கருத்தில் கொள்வார். ஆகவே முதல்முறை இரத்த அழுத்தம் பார்க்கும்போது மறு கையையும் நீட்டி அதிலும் பார்க்கச் சொல்லுங்கள்.