பட்டாளத்திலிருந்து திரும்பியவரின் காதல் கதையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களில் பட்டாளத்துக்காரர் கதை அடிக்கடி வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

காதல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காட்டாதீர்கள். ஒரு பாட்டு, கொஞ்சம் மழை, அவள் மடியில் தலை, அதோடு கெட்ட கனவு நின்றுவிடுகிறது. என் பெரியப்பா இந்திய அமைதிப்படையில் இலங்கை போய் 1990-இல் திரும்பியவர். பெரியம்மா ஒருநாளும் அவரைத் தொட்டு எழுப்பியதில்லை. கால்மாட்டில் தள்ளி நின்று, "ஏங்க, விடிஞ்சிருச்சு" என்பார். சாப்பிடும் நேரத்தில் கல்குவாரியில் வெடி வைத்தால், களியை உருட்டிய கை அப்படியே நிற்கும். பெரியம்மா எதுவும் கேட்காமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார். கை மறுபடி அசையும். முப்பது வருஷம் இப்படித்தான் போனது. அவர்களுக்குள் இருந்த அன்பை நான் பார்த்தது அந்தக் கரண்டியில்தான்.

1946-இல் வில்லியம் வைலர் எடுத்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தைப் பாருங்கள். அதில் நடித்த ஹரால்ட் ரஸ்ஸல் 1944-இல் ராணுவப் பயிற்சி முகாமில் வெடிவிபத்தில் நிஜமாகவே இரண்டு கைகளையும் இழந்தவர். ராத்திரி, கைகளுக்குப் பதிலாக மாட்டியிருக்கும் கொக்கிகளைக் கழற்றிவிட்டால் கதவைக்கூடத் திறக்க முடியாது என்று, கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் காட்டுகிறார். அவள் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். அதைவிடப் பெரிய காதல் காட்சி எனக்குத் தெரியாது.

அப்புறம், மனைவியை வாசலிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். அவர் இல்லாத வருஷங்களில் மணியார்டர் வாங்கியது, கடன் அடைத்தது, கிணறு வெட்டியது எல்லாம் அவள்தான். ஒரேயடியாக அவர் வீடு திரும்பியதும் பீரோ சாவி யாரிடம் இருப்பது? எங்கள் வீட்டில் ஆறு மாசம் பேச்சே நின்றுபோனது அந்தச் சாவியால்தான். சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பது வயதுக்குள்ளேயே பென்ஷனில் வந்துவிடுவதும் உண்டு. ஓசூரில் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் மறுபடி சீருடை போட்டு சல்யூட் அடிக்கிறார். அவள் அதை எப்படிப் பார்க்கிறாள்? இதை யாரும் எடுப்பதில்லை.

எல்லாக் கதையையும் 1999 கார்கிலில் கொண்டுபோய் வைப்பதும் தவறு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் நம் வீரர்கள் 1,000-க்கும் மேல் இறந்தார்கள். திரும்பி வந்தவர்களிடம் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்றவர் என் பெரியப்பா. வீட்டுக்குள் அழுதவர்களின் ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. அதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

சின்னத் தவறுகளும் உண்டு. 1990-இல் நடக்கும் காட்சியில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று பலகை வைக்கக் கூடாது, அது பிரிந்தது 2004-இல். வீட்டுக்குள் மெடலோடு உலாவ விடாதீர்கள்.

கதை கேட்கப் போகும்போது "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு பையன் கேட்டான். பெரியப்பா எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். வெள்ளைப் பெயின்டில் பேரும் நம்பரும் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். லீவில் வரும்போது மொரப்பூரில் இறங்கி எப்படி ஊர் வந்து சேர்ந்தார் என்று கேளுங்கள். மீதியை அவராகச் சொன்னால் சொல்லட்டும், அதுவரை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.