ஏற்காடு போகிற காரில் வீடே சேர்ந்து ஒரு நாவல் கேட்பது எப்படி

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு மொட்டை மாடி மாதிரி. நினைத்தால் ஏறிவிடலாம், அதனாலேயே யாரும் பெரிதாகத் திட்டம் போட்டுக் கிளம்புவதில்லை. எங்கள் வீட்டில் அப்பா தொடங்கி ஏழாவது படிக்கிற மகள் வரை எல்லோருக்கும் கதைப் பைத்தியம், காரில் ஏறினால் ஆளுக்கொரு புத்தகம் விரியும், நாலாவது வளைவு தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் "வண்டியை நிறுத்துங்க" என்பார்கள். இப்போது அப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரே நாவல், தரையில் வாசிப்பு, மலையில் காதால் கேட்பது, மேலே போனதும் மறுபடி புத்தகம். இந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். டயர் காற்று, ரூம் புக்கிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில் வாந்தி விஷயம்

ஓடுகிற வண்டியில் படித்தால் ஏன் குமட்டுகிறது? நம் உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு இருக்கிறது, வண்டி திரும்புகிறது, குலுங்குகிறது என்று அது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணோ அசையாத ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இரண்டு சேதியும் முட்டிக்கொள்ளும்போது வாயில் எச்சில் ஊறுவதும் தலை சுற்றுவதும் ஆரம்பம். ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வராது, வளைவு வரப்போவதை அவர் கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. அதனால் வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்கார வைத்து தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், எட்டாவது வளைவில் முகம் வெளுத்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. அதில் தூக்கம் வரும், ஓட்டுகிறவர் போடக் கூடாது, குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். இஞ்சி மரப்பா என் தேர்வு. வேலை செய்கிறதோ இல்லையோ, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அஸ்தம்பட்டியில் இருந்து மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சமதரை. அங்கிருந்து பிரதான மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. ஊரிலிருந்து மேலே ஏரி வரை மொத்தம் சுமார் 30 கி.மீ.தான், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். எங்கள் வண்டியில் சட்டம் ஒன்றே ஒன்று: அடிவாரத்தில் புத்தகம், போன் இரண்டும் மூடப்படும். அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

எந்த நாவல்

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு புத்தகமான நாவலை எடுங்கள். பத்திரிகையில் வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று இடம் அளந்து கொடுப்பதால் அத்தியாயங்கள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும், ஒவ்வொன்றின் கடைசியிலும் அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்துவைக்க ஒரு கொக்கி தொங்கும். அந்தக் கொக்கிதான் காருக்கு வேண்டும். டீக்கு நிறுத்தினால், "அந்தக் கடிதத்தை யார் எடுத்திருப்பா?" என்று பின் சீட்டில் விசாரணை ஓடும். நனவோடை பாணியில் பக்கம் பக்கமாக மனதுக்குள்ளேயே நடக்கும் நாவல்கள் எனக்கும் பிடிக்கும், ஆனால் அவை தனியாக, ராத்திரியில் படிக்க வேண்டியவை. எதிரே பஸ் ஹாரன் அடிக்கிறபோது எடுபடாது.

ஒரே நாள் பயணம் என்றால் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்குமே அந்த மாத நாவல் போதும். போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடும். அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, இப்போது வேண்டாம்.

இரவல் வாங்க ஊர் நூலகம் இருக்கிறது. இலவசமாக வேண்டுமென்றால் மதுரைத் திட்டத்தின் தளம், 1998-இல் தொடங்கி தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவருவது. நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமை வாங்கிப் பொதுவாக்கிய நூல்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம், போன் அதை வாசித்துக் காட்டாது. பழைய எழுத்துரு வகையில் தட்டச்சானது என்றால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகல் எடுத்து ஒட்டினால் ஏதோ கிறுக்கல் வரும். இறக்கியதும் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டிப் பாருங்கள், தமிழாகவே விழுந்தால் யூனிகோடு, கவலையில்லை.

யார் குரல்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், எழுத்தைப் பேச்சாக்கும் பகுதியில் தமிழ்க் குரலை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலேயே அது வாசிக்கும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் வீட்டிலேயே இறக்கிவிட வேண்டும். கட்டுரைக்கு அது சரி. நாவலுக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மாமியார் பேசுவதும் மருமகள் பேசுவதும் ஒரே குரலில், கொலை நடந்தாலும் அதே நிதானம். வட்டார வழக்கில் பேச்சு வந்தால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் செய்வது, முதல் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அம்மா வாசிக்க, போனில் பதிவு செய்வது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரே உட்காரச் சொல்லுங்கள், துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். ஃபேனை அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கதை முழுக்க காற்றுச் சத்தம்தான் (சித்திரை மாதச் சேலத்தில் இது தியாகம், எனக்குத் தெரியும்). நடுவில் தப்பு வந்தால் நிறுத்த வேண்டாம், அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசித்துவிட்டுப் போகலாம். எங்கள் பதிவு ஒன்றில், வில்லன் கதவைத் தட்டுகிற இடத்தில் சரியாக பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்திருக்கிறது. அதை அழிக்கவிடாமல் மகள் தடுத்துவிட்டாள்.

எவ்வளவு பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு, ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால், 50 நிமிட ஏற்றத்துக்கு 25 பக்கம். சனி, ஞாயிறு என்றால் இன்னும் பத்துப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் போகிறவர்கள் முழு நாவலையும் பதிவு செய்துகொள்வது நல்லது.

பென் டிரைவ், இங்கேதான் எல்லாம் நிற்கும்

பதிவு செய்த கோப்புகளை அப்படியே பென் டிரைவில் போட்டு காரில் சொருகினால் பாடும் என்று நினைப்போம். பாடாது, அல்லது தாறுமாறாகப் பாடும். காரணங்கள் பல, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

பெரிய பென் டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். பல கார் ஸ்டீரியோக்களுக்கு ஃபேட்32 மட்டுமே புரியும். 32 ஜிபிக்கு மேல் போகாமல் சின்ன டிரைவாக வாங்கி, கம்ப்யூட்டரில் போட்டு ஃபேட்32 ஆக மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், கல்யாண போட்டோ எதுவும் அதில் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், போனின் பதிவுச் செயலி பெரும்பாலும் எம்4ஏ கோப்பாகத்தான் சேமிக்கும். பழைய ஸ்டீரியோவுக்கு அது ஆகாது, எம்பி3 ஆக மாற்ற வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற கம்ப்யூட்டர் மென்பொருள், இலவசம், சத்தம் குறைவாகப் பதிவானதையும் அதிலேயே கூட்டிக்கொள்ளலாம். மாற்றித் தருவதாகச் சொல்கிற இணையத் தளங்கள் பக்கம் நான் போவதில்லை, பாதி விளம்பரம், மீதி காத்திருப்பு.

பெயர் வைப்பதில்தான் அடுத்த வில்லங்கம். 1, 2, 3 என்று பெயர் வைத்தால் நிறைய ஸ்டீரியோக்கள் 1, 10, 11, 2 என்று எழுத்து வரிசையில் எடுக்கும். எங்கள் வண்டியில் முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்தாவது தொடங்கியது. கதாநாயகி அதற்குள் வீட்டை விட்டே போயிருந்தாள். ஏன் போனாள் என்று யாருக்கும் தெரியாது, "பெத்தவங்க பேச்சைக் கேக்காம இருந்திருப்பா" என்று அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். அதனால் 01, 02, 03 என்று இரண்டு இலக்கமாக வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில ஸ்டீரியோக்களில் வெறும் கட்டமாகத் தெரியும், எண் மட்டும் போதும்.

இதையெல்லாம் செய்தும் வரிசை மாறுகிறதா? சில ஸ்டீரியோக்கள் பெயரையே பார்ப்பதில்லை, எந்தக் கோப்பு முதலில் டிரைவுக்குள் போனதோ அந்த வரிசையில்தான் பாடும். மொத்தமாக இழுத்துப் போடாமல், டிரைவைக் காலி செய்துவிட்டு 01-இல் தொடங்கி ஒவ்வொன்றாக நகலெடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதோடு பிரச்சினை தீர்ந்தது. எதற்கும் கிளம்புவதற்கு முன், வாசலில் நிற்கிற வண்டியிலேயே முதல் மூன்று கோப்புகளை ஓடவிட்டுப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது: ப்ளூடூத் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று பலர் கேட்டார்கள். கேட்கலாம், ஆனால் போன் வந்தால் கதை நிற்கும், கடன் வேண்டுமா என்று ஒருவர் வண்டி முழுக்கக் கேட்கப் பேசுவார். ப்ளூடூத்தான் என்றால் போனை விமானப் பயன்முறையில் போட்டு, அதன் பிறகு ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்யுங்கள்.

மலையில் எதை ஓடவிடுவது

ஓட்டுகிறவரும் கதை கேட்கிறார் என்பதை மறக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் துப்பறியும் அத்தியாயம் வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்ப்பவர். அதனால் ஏற்றத்துக்கு ஊர், வீடு, சாப்பாடு, சின்னச் சண்டை என்று போகிற அத்தியாயங்கள், கொலையும் ரகசியமும் மேலே போன பிறகு. நிறுத்தும் பட்டன் ஓட்டுகிறவர் கையில்தான் இருக்க வேண்டும், அவர் நிறுத்தினால் பின் சீட்டில் யாரும் முனகக் கூடாது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவதுதான் மலைப்பாதை வழக்கம், ஆனால் எதிரே வருகிறவர் அதைக் கேள்விப்படாதவராக இருக்கலாம், வளைவில் ஹாரன் சத்தம் காதில் விழுகிற அளவுக்குக் கதையின் சத்தம் குறைவாக இருக்கட்டும். வழியில் கண்ணாடியை இறக்கிவைத்துத் தின்பண்டம் பிரிக்காதீர்கள், குரங்குகள் தட்டுவடை செட்டையும் விடாது.

இறங்கும்போது நாங்கள் எதுவுமே போடுவதில்லை. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கவேண்டிய ரோடு, பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் சூடாகிவிடும், அந்த வாசனையும் சத்தமும் ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். குப்பனூர் வழியாக இறங்கினால் சுற்று அதிகம், கூட்டம் குறைவு. மழைக்காலத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், 2024 டிசம்பரில் புயல் மழைக்கு மண் சரிந்து பிரதான பாதை என்ன பாடு பட்டது என்பது சேலத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மேலே போனதும்

ஏரிக்கரையில் படகுத் துறைப் பக்கம் புத்தகத்தைப் பிரிக்கவே முடியாது. காட்சிமுனைகளில் பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம், காலையில் சீக்கிரம் போனால் வெயிலும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். லேடீஸ் சீட் சாயங்காலத்துக்கு, கீழே சேலத்து விளக்குகள் தெரிய ஆரம்பிக்கும்வரை ஓர் அத்தியாயம் வாசிக்கலாம், கூட்டம் இல்லாத நாளாக இருந்தால். எனக்குப் பிடித்தது இரண்டுமில்லை, காபித் தோட்டங்களுக்கு நடுவே போகிற சுற்றுச் சாலைதான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு மகள் சத்தமாக வாசிப்பாள். "கண்ணு, அந்தக் கடிதம் வர்ற இடத்தை இன்னொருக்கா படி" என்பார் அப்பா. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும், காகிதம் நமுத்துப்போகும், இரவல் புத்தகம் என்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ராத்திரி மின்சாரம் போனால் சமாளிக்க, அட்டையில் கவ்வுகிற சின்ன விளக்கு ஒன்று போதும்.

இன்னொன்றும் பிறகு சேர்த்தது: அம்மா குரலில் பதிவு செய்ததை அனுப்பி வைக்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மன்னிக்கவும், முடியாது. நம் நாட்டில் எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டுகள் வரை படைப்புக்குக் காப்புரிமை உண்டு. வீட்டுக்குள் நாமே வாசித்துக் கேட்பது வேறு, குரூப்பில் சுற்றவிடுவது வேறு. நாட்டுடைமையான கதை ஒன்றை அம்மா இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார், பதினேழாவது அத்தியாயத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. முடிந்ததும் அதை மட்டும் பகிர்கிறேன், 01-இலிருந்து வரிசையாகப் பெயர் வைத்து.