மரத்த விரலுக்கும் மாட்டும் கொக்கி

ஹெல்மெட்டின் தாடைக் கொக்கியை மாட்ட எனக்கு ஒரு நொடி போதும். என் முதல் டூயத்லானில், அதாவது ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று தொடரும் பந்தயத்தில், அதற்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆனது.

ஆறு டிகிரி குளிர், விடாத தூறல். ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்து, சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு வந்தபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது. விரல்கள் மட்டும் யாருடையவையோ போல இருந்தன. கொக்கியின் இரு பாதிகளும் உரசுவது காதில் கேட்கிறது. 'டக்' என்ற சத்தம் வரவே மாட்டேன் என்கிறது. பொறுமையிழந்து மாட்டாமலேயே சைக்கிளை எடுத்தேன். நடுவர் விசிலடித்துத் திரும்ப வைக்கச் சொன்னார். அவர் செய்தது சரிதான். கொக்கியை மாட்டிய பிறகே சைக்கிளை எடுக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். மழை என்பதற்காக யாரும் இதில் சலுகை தருவதில்லை.

அன்றிலிருந்து குளிர்காலப் பந்தயத்துக்கு எதை எடுத்து வைத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: மரத்துப்போன விரலால் இதைக் கையாள முடியுமா? பதில் தெரிய ஒரு வாளி போதும். தண்ணீரில் ஐஸ்கட்டிகளைப் போட்டு இரண்டு நிமிடம் கையை முக்கி வைத்திருங்கள். பிறகு ஈரக் கையோடு கொக்கியை மாட்டுங்கள், ஷூ நாடாவைக் கட்டுங்கள், ஜிப்பை இழுங்கள், ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைக் கிழியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு அந்த வாளிதான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது. நாடாவைக் கட்ட முடியவில்லை, அதனால் கட்டத் தேவையில்லாத இழுவை நாடாவுக்கு மாறினேன். ஜிப்பின் சின்ன நாக்கு பிடிபடவில்லை, அதில் கயிற்று வளையம் ஒன்றைக் கோத்தேன். இப்போது கட்டைவிரலை நுழைத்தே இழுத்துவிடலாம். ஜெல் பாக்கெட்டின் ஓரத்தில் முந்தைய இரவே கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு.

கையுறைதான் என்னை அதிகம் ஏமாற்றியது. உள்ளே துணி வைத்துத் தைத்த தடித்த கையுறையில் ஈரக்கை நுழையாது. எப்படியோ நுழைத்துவிட்டாலும், கழற்றும்போது உள்துணி விரலோடு ஒட்டி வெளியே வந்துவிடும்; பிறகு அந்த விரல்பைகளுக்குள் எதுவும் போகாது. ஆகவே பந்தயத்தின் நடுவில் புதிதாகக் கையுறை மாட்டும் திட்டமே வேண்டாம். மெல்லிய ரப்பர் கையுறை, அதன்மேல் தளர்வான கம்பளிக் கையுறை இரண்டையும் தொடக்கக் கோட்டுக்கு வரும்போதே போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் உள்ளங்கை வெயர்க்கும். வெயர்க்கட்டும்.

கை குளிர்வதற்குக் கையுறை மட்டும் மருந்தல்ல. மார்பும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நெஞ்சில் காற்றுப் புகாமல் பார்த்துக்கொண்டால்தான் விரலுக்குச் சூடு வரும். ஓடும்போது இது உறைக்காது. சைக்கிளில் ஏறியதும் நம் வேகமே எதிர்க்காற்றாகிவிடுகிறது: ஐந்து டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றுப் பட்டால் சருமத்துக்கு அது பூஜ்ஜியம் டிகிரி போலத்தான் இருக்கும். இது உலர்ந்த சருமத்தின் கணக்கு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். முதல் ஓட்டத்தின் வியர்வையும் மழையும் சேர்ந்து தொப்பலாக நனைந்தவரின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டப் பயிற்சியாளர்கள் 'தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை' என்பார்கள். வெறும் ஓட்டத்துக்கு அது சரி. டூயத்லானுக்கு நான் அதைக் கேட்பதில்லை. உடலோடு ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத கையில்லாச் சட்டை. ஓடும்போது ஜிப் திறந்திருக்கும். சைக்கிளை எடுக்குமுன் கயிற்று வளையத்தை இழுத்து மூடிவிடுவேன். பருத்தி மட்டும் உடம்பில் எங்கும் வேண்டாம், காலுறையில்கூட. நனைந்த பருத்தி தண்ணீரை விடவே விடாது.

முதல் பந்தயத்துக்கு ஸ்பிரிண்ட் தூரமே போதும்: 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், மறுபடி 2.5 கிலோமீட்டர் ஓட்டம். 10-40-5 என்ற முழுத்தூரத்தில் சைக்கிளின் மேல் இருக்கும் நேரம் இரட்டிப்பாகும். குளிர் ஆளைப் பிடிப்பதும் அந்த நேரத்தில்தான். இருபது கிலோமீட்டருக்கு, அடியில் உள்ள கட்டையால் பெடலோடு மாட்டிக்கொள்ளும் சைக்கிள் ஷூவும் வேண்டாம் என்பேன். சாதாரண பெடலை மாட்டி, ஓடிய ஷூவோடே மிதியுங்கள். மிதிக்கும் வலு கொஞ்சம் குறையும்தான். ஆனால் நடுங்கும் கையால் இரண்டு முறை ஷூ மாற்றும் பாடு மிச்சம். வழுக்கும் தரையில் அந்தக் கட்டை வைத்த ஷூவோடு தத்தித் தத்தி ஓடவும் வேண்டாம். சைக்கிளில் ஏற வேண்டிய கோட்டருகே ஈரமான பெயின்ட்டில் மூன்று பேர் அடுத்தடுத்துச் சறுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஈரச் சாலையில் சைக்கிள் வேறு வண்டி. டயரில் வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து பிஎஸ்ஐ காற்றைக் குறைத்துவிடுங்கள். தரையைப் பற்றும் பரப்புக் கூடும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை பிரேக் என்றால், அழுத்தியதும் ஒன்றுமே நடக்காது. முதலில் விளிம்பில் படிந்த தண்ணீர் வழிய வேண்டும், பிறகுதான் பிடிக்கும், சில நேரம் திடுமென்று. அதனால் வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு விளிம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதையும் சைக்கிள் நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, உதிர்ந்த இலை மூன்றின் மேலும் சாய வேண்டாம். குட்டையைக் கண்டால் அதற்குள் பள்ளம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்பு உள்ள மெல்லிய தொப்பி போட்டால் கண்ணில் மழை விழாது. குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் சைக்கிளில் இரண்டு மூன்று முறை வாய் நனைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குறுகிய பந்தயத்துக்குச் சாப்பாட்டைப் பற்றி அதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

பயிற்சியில் ஓட்டத்தையும் சைக்கிளையும் ஒட்டவைத்துப் பழகுங்கள். இருபது நிமிடம் ஓட்டம், நாற்பது நிமிடம் சைக்கிள், இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓட்டம். பந்தயத்துக்கு முன் நான்கைந்து முறை. அதில் ஒன்றாவது மழையில் இருக்க வேண்டும். இடியும் உறைந்த சாலையும் இல்லாதவரை, மழை பெய்கிறதே என்று அன்றைய பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது ஓட்டம் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் விளங்கும். பாதம் இருக்கும் இடமே தெரியாது. இரண்டு மரக்கட்டைகள் தரையில் மோதுவது போல இருக்கும். ஒரு கிலோமீட்டர் கழித்து ஊசி குத்துவது போல உணர்வு திரும்பும். அதுவரை சிறிய அடிகளாக வைத்து ஓடுங்கள். மரத்த காலை நம்பி நீட்டி அடி வைத்தால் கணுக்கால் பிசகும்.

பந்தய நாளில் தொடக்கத்துக்காகக் காத்திருக்கும் அரைமணி நேரம்தான் ஆளைக் கெடுக்கும். பெரிய குப்பைப் பை ஒன்றில் தலைக்கும் கைகளுக்கும் துளை போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். அழகாக இருக்காது, ஆனால் காற்றும் மழையும் உள்ளே வராது. காலில் பழைய ஷூ இருக்கட்டும். பந்தய ஷூவைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மாற்றுங்கள்.

வழியில் வெடவெடவென்று நடுங்கினால் மிதிப்பதைக் கூட்டுங்கள், சூடு பிறக்கும். பேச்சுக் குழறினாலோ, கியர் எந்தப் பக்கம் என்று குழம்பினாலோ, நடுக்கம் தானாக நின்றுவிட்டும் சூடு வராவிட்டாலோ இறங்கிவிடுங்கள். வழிகாட்டி நிற்பவரிடம் சொல்லுங்கள். அந்த நிலையில் தூரத்தை முடிப்பது பற்றிய பேச்சே கிடையாது.

முடித்தவுடன் பதக்கத்தோடு படம் எடுக்க நிற்காமல் நேராகப் பைக்குப் போங்கள். ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே குளிர் ஏறும். பையில் மேலிருந்து கீழாகத் துண்டு, சட்டை, தொப்பி, காற்சட்டை என்ற வரிசையில் அடுக்குங்கள். எதிலும் பொத்தான் வேண்டாம். சூடான பானம் வைத்த ஃபிளாஸ்க்கும் இருக்கட்டும். நான் முதல் முறை அதை வீட்டிலிருந்து இறுக்கித் திருகிக்கொண்டு போய், முடிவுக் கோட்டருகே திறக்க முடியாமல் மார்போடு அணைத்தபடி நின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு சிறுமி வாங்கித் திறந்து கொடுத்தாள். இப்போதெல்லாம் தொடக்கக் கோட்டுக்குப் போகுமுன், ஃபிளாஸ்க்கைப் பையில் நேராக நிறுத்தி, மூடியை அரைத்திருகு தளர்த்திவிட்டுப் போகிறேன்.