கொழும்பில் ஒரு டவுன்ஹில் சைக்கிள் அணி: முதல் அனுசரணையைப் பெறுவது எப்படி?

கொழும்பில் மலை இல்லை. மலைச்சரிவில் மேலிருந்து கீழே சைக்கிளில் பாயும் டவுன்ஹில் ஓட ஆசைப்படும் கொழும்புப் பிள்ளைக்குச் செலவு அங்கேதான் தொடங்குகிறது. சைக்கிளை பட்டா லொறியில் ஏற்றிக் கண்டிக்கோ ஹற்றனுக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கி, பிரேக் பேட் தேய்ந்து, இரண்டு டியூப் கிழிந்து, திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்து நிற்க வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அணி தொடங்கியபோது எல்லாம் எங்கள் சொந்தக் காசுதான். இரண்டாம் வருடம்தான் அனுசரணை கிடைத்தது. இடையில் பிழைத்தவை, பிறகு சரிவந்தவை எல்லாவற்றையும் இப்போது தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நம்மவர்களுக்குக் காசு கேட்டுப் போகும் இரண்டு வழிகள் நன்றாகத் தெரியும். ஒன்று கோயில் திருவிழா உபயம், மற்றது பாடசாலை மலருக்கு விளம்பரம். உபயகாரர் சாமிக்காகத் தருகிறார். மலருக்குத் தருகிறவர் தான் படித்த பாடசாலை என்ற பாசத்தில் தருகிறார். டவுன்ஹில் அணிக்கு இந்த இரண்டு பலமும் கிடையாது. தருகிறவர் தன் காசுக்கு என்ன நடந்தது என்று கேட்பார், அது அவருடைய உரிமை. போட்டியில் வென்றால்தான் அனுசரணை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தபோது எங்கள் ஆறு பேரில் ஒருவரும் எதையும் வென்றிருக்கவில்லை. சொன்ன வேலையைச் சொன்ன நாளில் செய்து காட்டியிருந்தோம், அவ்வளவுதான்.

படி 1: அணிக்கு ஒரு முகவரி

பெயர், தலைவர், பொருளாளர், படம் எடுப்பவர். இந்த நான்கும் முடிவாகட்டும். பொருளாளர் வேகமாக ஓடுகிறவராக இருக்கத் தேவையில்லை, பில்லைப் பத்திரமாக வைக்கிறவராக இருந்தால் போதும். ஒரு பக்க யாப்பும் கூட்டக் குறிப்பும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கைத் திறவுங்கள். ஒருவரின் சொந்தக் கணக்குக்குக் காசு அனுப்ப எந்த நிறுவனமும் தயங்கும். விளையாட்டுக் கழகமாகப் பதிய விரும்பினால் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கதையுங்கள். பதிவு இருந்தால் தோட்டத்தில் அனுமதி கேட்கும்போதும் உதவும்.

படி 2: கேட்க முன் ஆறு மாதம் ஓடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நாங்களும் தாண்டினோம். அணி தொடங்கிய இரண்டாம் வாரமே ஒரே மின்னஞ்சலை இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினோம். ஒரு பதிலும் வரவில்லை. வந்திருந்தாலும் காட்ட எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இடத்தை மழையைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹற்றன், மஸ்கெலியா பக்கத்தை ஊறவைக்கும். அப்போது ஊவாப் பக்கம், பண்டாரவளையும் ஹப்புத்தளையும், காய்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை ஊவாவுக்குப் போய்விடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அந்த வாரம் பயணமே வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் ஓட நிர்வாகத்தின் அனுமதி கட்டாயம் தேவை. அனுமதி கிடைத்தாலும் கொழுந்து பறிக்கிறவர்கள் போய் வரும் நேரத்தில் ஓடாதீர்கள். தலையில் சுமையோடு வரும் அக்காவுக்கு முன்னால் பிரேக் பிடித்து நிற்கும் அணியின் பேச்சு தோட்டம் முழுக்கப் பரவும், நிற்காத அணியின் பேச்சு அதைவிட வேகமாகப் பரவும்.

டவுன்ஹில்லில் ஓட்டுநர்களை ஒவ்வொருவராக விடுவார்கள், குறைந்த நேரத்தில் கீழே வருபவர் வெல்வார். ஆகவே உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் சான்று நேரக் கணக்கு. மலையில் பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை இருக்காது, இதற்கு அது தேவையும் இல்லை. கீழே நின்று இரண்டு கைபேசிகளின் ஸ்டொப்வொச்சையும் ஒரே கணத்தில் தட்டிவிட்டு, ஒன்றை மேலே கொண்டு போங்கள். மேலே இருப்பவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக விட்டு நேரத்தைக் குறிக்கட்டும், கீழே இருப்பவர் வந்து சேரும் நேரத்தைக் குறிக்கட்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஓட்ட நேரம். ஆறு மாதக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். அதே பாதையில் 3 நிமிடம் 40 வினாடி எடுத்த பிள்ளை 3 நிமிடம் 5 வினாடிக்கு வந்திருந்தால், அது கோப்பைக்குச் சமமான சான்று.

வீடியோவில் ஒரு விடயம். ஹெல்மெட்டில் பூட்டிய கமராவில் சரிவு தட்டையாகத் தெரியும். நெஞ்சு அடைக்கும் இறக்கம்கூட வயல் வரம்பு போல இருக்கும். ஒருவர் பாதையின் பக்கவாட்டில், வளைவுக்குக் கொஞ்சம் கீழே, மரங்களோ தேயிலை வரிசையோ பின்னணியில் தெரிய நின்று எடுக்கட்டும். நேராக நிற்கும் மரம் இருந்தால்தான் பாதை எவ்வளவு சரிவு என்று பார்ப்பவருக்குப் புரியும்.

படி 3: என்ன வேண்டும் என்று எண்ணுங்கள்

“உதவி செய்யுங்கள்” என்று கேட்டால் ஆயிரம் ரூபா தந்து அனுப்பிவிடுவார்கள். “ஒரு பருவத்துக்கு 12 சோடி பிரேக் பேட்” என்று கேட்டால் முதலாளி விலையைக் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். ஆறு சைக்கிள், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும், ஆக 12 சோடி. இப்படி ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். லொறி வாடகையும் டீசலும், தங்குமிடம், சாப்பாடு, டயர், டியூப், பேட், ஜேர்சி, முதலுதவிப் பெட்டி. பிறகு பொருளாக வாங்கக்கூடியதையும் காசாகவே வேண்டியதையும் பிரியுங்கள். முதல் வருடத்தில் பொருளைக் கேட்பதுதான் இலகு. கடைக்காரருக்கு அது கொள்விலைச் செலவு, உங்களுக்கு அது விற்பனை விலையில் மிச்சம்.

படி 4: யாரிடம் கேட்பது

வெளிநாட்டுப் பெரிய சைக்கிள் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு எழுத வேண்டாம். உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும் டாம் வீதியில் நீங்கள் ஏற்கனவே பேட் வாங்கும் கடை எது? ஜேர்சி அச்சடித்த இடம்? லொறி உரிமையாளர்? கை சுளுக்கினால் ஓடிப் போகும் பிசியோதெரபி நிலையம்? ஓட்டம் முடிந்து வந்து கொத்து சாப்பிடும் கடை? இவர்களுக்கு உங்களைத் தெரியும். அறிமுகம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு வேலி மட்டும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் இந்த இரண்டு வியாபாரங்களின் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்கிறது. எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் அணியில் பதினாறு வயதுப் பிள்ளையும் இருக்கலாம்.

படி 5: அவர்கள் பெயர் எங்கே தெரியும்?

எல்லோரும் ஜேர்சியின் நெஞ்சுப் பக்கத்தை முதல் அனுசரணையாளருக்கு ஒதுக்குவார்கள். கிரிக்கெட்டில் அது சரி. டவுன்ஹில் ஓட்டுநர் குனிந்து, கை விரித்து, ஹாண்டிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு வருவார். முன்னாலிருந்து எடுத்த உங்கள் படங்களை இப்போதே திறந்து பாருங்கள். நெஞ்சு நிழலில் மறைந்திருக்கும். தெளிவாகத் தெரிவது ஹெல்மெட்டின் முன்விளிம்பு, மேல்கை, சைக்கிளுக்கு முன்னால் கட்டும் இலக்கத் தகடு, ஃபோர்க்கில் பூட்டும் முன் மட்காட். பக்கவாட்டுப் படத்தில் தொடையும் சைக்கிளின் கீழ்ச்சட்டமும். எங்களுடைய ஐம்பது படங்களை வைத்து எந்த இடம் எத்தனை படத்தில் தெரிகிறது என்று எண்ணினோம். அந்தக் கணக்கைக் கடிதத்தோடு கொண்டு போனபோதுதான் முதன்முதலாக ஒரு முதலாளி எங்களை இருக்கச் சொன்னார்.

இன்னொன்று லொறி. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். ஆறு சைக்கிள் ஏற்றிய லொறியை வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் பக்கத்தில் கட்டும் பதாகை, ஜேர்சியைவிடக் கூடுதலான கண்களில் படும்.

படி 6: ஒரு பக்கக் கடிதம்

எங்கள் கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது. பெயர்களை மாற்றிப் பாவியுங்கள்.

“நாங்கள் கொழும்பைச் சேர்ந்த ஆறு டவுன்ஹில் சைக்கிளோட்டிகள். கடந்த ஆறு மாதங்களில் எட்டு முறை மலையகம் சென்று பயிற்சி செய்துள்ளோம். நேரப் பதிவுகளும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. வரும் பருவத்துக்கு 12 சோடி பிரேக் பேட்டும் 6 டயரும் தங்களிடமிருந்து எதிர்பார்க்கிறோம். பதிலாக, தங்கள் கடையின் பெயரை ஆறு இலக்கத் தகடுகளிலும் லொறிப் பதாகையிலும் இடுவோம். மாதம் ஒரு சனிக்கிழமை தங்கள் கடை வாசலில் சிறுவர் சைக்கிள்களின் பிரேக்கை இலவசமாகச் சரிபார்ப்போம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஏழு நாட்களுக்குள் பத்துப் படங்கள் அனுப்புவோம்.”

பிரேக் சரிபார்க்கும் யோசனை எங்களுக்கு ஒரு கேள்வியால் வந்தது. “தம்பி, நீங்க மலையில ஓடினா டாம் வீதியில என்ட கடைக்கு என்ன வரும்?” என்று ஒரு நானா கேட்டார். நியாயமான கேள்வி. அன்று பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தோம். அடுத்த கிழமை இந்த யோசனையோடு போனோம். சைக்கிளோடு பிள்ளையைக் கூட்டி வரும் தாய் தகப்பன் தேய்ந்த பேட்டைக் கண்ணால் பார்த்தால் புதியதை அங்கேயே வாங்குவார்கள். நானாவுக்கு அது உடனே விளங்கியது.

கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தயாராக வைத்திருங்கள். கடை முதலாளி தமிழராக இருந்தாலும் கணக்காளர் வேறு மொழியில் வாசிப்பவராக இருக்கலாம்.

படி 7: நேரில் போவது

மின்னஞ்சல் பெரிய நிறுவனத்துக்கு. கடைக்கு நடந்து போங்கள், இரண்டு பேர் போதும். காலையில் முதல் வியாபாரம் ஆகும் முன் காசுப் பேச்சை எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தைத் தவிருங்கள். புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் வியாபாரம் சூடாக நடக்கும் கிழமைகளில் போகவே வேண்டாம்.

டவுன்ஹில் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்காது. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த முதலாவது உலக மவுண்டன் சைக்கிள் சம்பியன்ஷிப்பிலேயே டவுன்ஹில் இருந்தது. ஆனால் ஒலிம்பிக் மவுண்டன் சைக்கிளில் 1996 முதல் இடம்பெறுவது, ஏற்றமும் இறக்கமுமான பாதையில் ஓடும் கிராஸ்கன்ட்ரி மட்டும். ஆகவே தொலைக்காட்சியில் அவர் இதைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. கைபேசியில் ஒரு உலகக் கிண்ண ஓட்டத்தைக் காட்டுங்கள். 2016இல் எல்லாச் சுற்றுகளையும் வென்ற பிரித்தானிய வீராங்கனை ரேச்சல் அதர்ட்டனின் ஓட்டம் ஒன்று போதும், சில நிமிடம்தான். அதற்குப் பிறகு உங்கள் வீடியோவைக் காட்டுங்கள்.

பார்த்தவுடன் அவர் கேட்பது, “விழுந்தா?” என்றுதான் இருக்கும். தன் கடைப் பெயரைப் போட்ட பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமோ என்ற பயம் அது. பாதுகாப்புத் தாளை அப்போது எடுத்து வையுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முழங்கால், முழங்கை, முதுகுக் கவசம், கையுறை இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. புதிய பாதையை முதலில் நடந்து பார்க்கிறோம். முதலுதவி தெரிந்த ஒருவர் எப்போதும் கூட வருகிறார். 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கமும் அருகிலுள்ள வைத்தியசாலையும் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து இருக்கிறது. இவை எல்லாம் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்லுங்கள்.

படி 8: கையெழுத்து

வாய்ப்பேச்சில் நிற்க வேண்டாம். எங்களுக்கு முதலில் காசு தந்த ஒரு நிறுவனத்தோடு எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில், தங்கள் திறப்பு விழாவில் ஹெல்மெட் இல்லாமல் வீதியில் சைக்கிளின் முன்சில்லைத் தூக்கி ஓட்டிக் காட்டும்படி கேட்டார்கள், முகம் படத்தில் தெரிய வேண்டுமாம். முடியாது என்றோம். மிச்சக் காசு வரவில்லை. அந்தப் பருவத்தின் கடைசி மூன்று பயணங்களையும் விட்டோம். எங்களில் இளையவன் அந்த மூன்று பயணங்களுக்காகச் சம்பளமில்லா லீவு எடுத்து வைத்திருந்தான். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஒரு பக்கம் போதும். என்ன தருகிறார்கள், எப்போது தருகிறார்கள், நாங்கள் என்ன செய்கிறோம், பெயர் எங்கே எந்த அளவில், எந்த மாதம் முடிகிறது, படங்களை யார் பாவிக்கலாம். கூடவே ஒரு வரி: “சைக்கிள் ஓடும் எந்த வேளையிலும் ஓட்டுநர் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றமாட்டார்.” அதே பொருளை விற்கும் இன்னொருவரிடம் நீங்கள் போகலாமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

படி 9: பொருள் கைக்கு வந்த பிறகு

வேலை இங்கேதான் கூடும். ஞாயிறு இரவு களைத்து வந்து படுத்தால் படங்கள் அடுத்த ஞாயிறுவரை கைபேசியிலேயே கிடக்கும். அதனால் எங்கள் படப்பிடிப்பாளர் லொறியிலேயே பத்துப் படங்களைத் தெரிவு செய்துவிடுவார். அவிசாவளை வரும் முன் முதலாளியின் வட்ஸ்அப்புக்குப் போய்விடும். மோசமான நாளிலும் அனுப்புங்கள். மழையில் பயணம் நின்றால், நின்றது என்று எழுதுங்கள். ஒருவர் விழுந்தால், அவர் எப்படி இருக்கிறார் என்பதை முதலாளி உங்கள் வாயிலிருந்தே கேட்க வேண்டும்.

பருவம் முடிய ஒரு மாதம் முன் இரண்டு பக்க அறிக்கை எழுதுங்கள். எத்தனை பயணம், நேரப் பதிவு, எத்தனை பிள்ளைகளின் பிரேக் பார்த்தோம், என்ன மிஞ்சியது. எங்களிடம் நான்கு சோடி பேட் மிஞ்சியிருந்தது. அதை அறிக்கையோடு நானாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவர் வாங்கவில்லை. “அடுத்த வருசத்துக்கு எட்டுத்தானே வேணும்?” என்று கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டார்.